முடியும் நேரம் தெரியாத இசை: கேம்களுக்கு இசையமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி விளையாட்டு உருவாக்கக் கற்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இசைப் பகுதியை நான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் கேட்கப்படும் சந்தேகங்களே பண்டாரவளையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் தொலைபேசியிலும் வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பல பதில்களில் ஒரே எடுத்துக்காட்டு வரும். அது மூன்று மாணவர்கள் இப்போது செய்துவரும் ஒரு சிறு விளையாட்டு. மேட்டு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் பனிமூட்டத்துக்குள் தேயிலை மலைகளைக் கடந்து உச்சிக்கு ஏறுகிறாள். வழியில் ஒரு சிறுத்தை உலாவுகிறது. அவ்வளவுதான் கதை.

கேம் மியூசிக்குக்கும் படத்துப் பின்னணி இசைக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பின்னாடி ஓடுற மியூசிக்தானே?

திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்குக் காட்சியின் நீளம் தெரியும். கதவு எந்த விநாடியில் திறக்கும், அழுகை எந்த விநாடியில் தொடங்கும் என்று பார்த்து அளந்து எழுதலாம். விளையாட்டில் அந்த அளவு எழுதுபவர் கையில் இல்லை. நமது சிறுமியை ஓடைப் பாலத்தின் மேல் ஒருவர் இருபது விநாடியில் நடத்திச் சென்றுவிடுவார். இன்னொருவர் தண்ணீரைப் பார்த்தபடி பத்து நிமிடம் அங்கேயே நிறுத்தி வைப்பார். இருவருக்கும் அந்த இசை தமக்காகவே எழுதப்பட்டதுபோல் ஒலிக்க வேண்டும்.

மாசி மாதத்தில் தோட்டத்தில் மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தப்பு என்ற பறையை அடிப்பவர் ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறார். ரதி ஒரு சுற்று கூடுதலாக ஆடினால் அடியும் ஒரு சுற்று கூடும். மதன் திடீரென்று திரும்பினால் அடியும் அந்த இடத்திலேயே திரும்பும். எவ்வளவு நேரம் அடிக்கப்போகிறோம் என்பதை அவர் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை, ஆனால் எந்த அடியிலிருந்து எந்த அடிக்கு எந்த இடத்தில் மாறலாம் என்பது அவருடைய கைக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் தொழில்நுட்பம் என்று வருவதெல்லாம், ஆடுபவரின் காலைப் பார்க்கும் அந்தக் கண்ணைக் கணினிக்குக் கொடுப்பதற்கான வழிகளே.

கேம் இசை தொடக்கத்திலேயே இந்த வழியில்தான் நடந்தது. 1978இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் இசை என்பது கீழிறங்கும் நான்கு தாழ்ந்த சுரங்கள் மட்டுமே. எதிரிகள் குறையக் குறைய அந்த நான்கு சுரங்களும் வேகமெடுக்கும். மெட்டு என்று சொல்லுமளவுக்கு அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் விளையாடுபவரின் நெஞ்சு படபடக்கும். ஏனென்றால் இசையின் வேகத்தைத் தீர்மானிப்பது அவருடைய சொந்தச் செயல்.

எனக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. வீட்டுல கீபோர்டும் இல்ல. இதுல இறங்கலாமா?

தாராளமாக இறங்கலாம். சுரக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தால் வேகமாக வேலை செய்யலாம், தெரியாவிட்டால் காதால் கேட்டுச் சற்று மெதுவாகச் செய்யலாம். கணினித் திரையில் சுரங்களைச் சிறு கட்டங்களாக வரைந்து எழுதும் வசதி இன்று பெரும்பாலான இசை மென்பொருள்களில் உண்டு.

கட்டாயம் தேவைப்படுவது தாளத்தை எண்ணும் பழக்கம். ஒரு பாட்டைக் கேட்டால் அதன் அடி நான்கா, மூன்றா, ஏழா என்று கைதட்டிச் சொல்ல வேண்டும். எத்தனை சுற்றுக்கு ஒருமுறை அது திரும்புகிறது என்றும் சொல்ல வேண்டும். இது வராமல் பின்னால் வரும் எந்தப் பதிலும் பயன்படாது. பஜனையில் தாளம் தட்டிய பிள்ளைகளுக்கு இது எப்போதோ வந்துவிட்டிருக்கும்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்? நிறைய செலவாகுமா?

தொடங்குவதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. எல்எம்எம்எஸ், ஆடாசிட்டி, மியூஸ்ஸ்கோர் ஆகிய மூன்றும் இலவசம். முதலாவது இசையமைக்க, இரண்டாவது ஒலிப்பதிவு செய்து வெட்டி ஒட்ட, மூன்றாவது சுரக்குறிப்பு எழுத. கையில் கொஞ்சம் பணம் சேரும்போது ரீப்பர் வாங்கலாம். தனிநபருக்கான அதன் சலுகை உரிமம் 60 அமெரிக்க டொலர். அதற்கு முன்பு 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

விளையாட்டுக்குள் இசையை இயக்குவதற்கு கோடோ, யூனிட்டி போன்ற விளையாட்டு இயந்திரங்களிலேயே (விளையாட்டை உருவாக்கும் மென்பொருள்களிலேயே) அடிப்படை வசதிகள் இருக்கின்றன. எஃப்மாட், வைஸ் என்ற இரண்டு தனி மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. சிறு தயாரிப்புகளுக்கு இரண்டும் இலவச உரிமம் தருகின்றன. ஆனால் முதல் விளையாட்டிலேயே அவற்றைக் கற்கப் போனால் இசை எழுத நேரம் மிஞ்சாது என்பது என் அனுபவம். வசதி இருந்தால் முதலில் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

மொதல்ல எதுல இருந்து ஆரம்பிக்கிறது? டைட்டில் மியூசிக்கா, சண்டை மியூசிக்கா?

இரண்டிலிருந்தும் வேண்டாம். விளையாட்டு எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் அதை முதலில் இசையில்லாமல் விளையாடுங்கள். மூன்று பேரை விளையாட விட்டு அருகிலிருந்து பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே ஓடுகிறார்கள், எங்கே மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நமது விளையாட்டில் சிறுத்தையைக் கண்டதும் எல்லாரும் ஓடுவார்கள் என்றே மாணவர்கள் எண்ணியிருந்தார்கள். மூன்று பேருமே தேயிலைச் செடிக்குள் பதுங்கி அசையாமல் இருந்தார்கள். ஓட்டத்துக்கு எழுதப்பட்டிருந்த வேகமான இசை அந்த இடத்தில் பொருந்தவே இல்லை. பதுங்கியிருப்பவருக்குத் தேவைப்பட்டது தன் நெஞ்சுத் துடிப்பு மட்டுமே.

அந்தத் தாளை வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு விடயங்களைக் குறித்தால் போதும்: விளையாடுபவர் அங்கே குறைந்தது எவ்வளவு நேரமும் கூடியது எவ்வளவு நேரமும் இருப்பார், என்ன உணர்வில் நுழைவார், எங்கே வெளியேறுவார், அங்கே இசை தேவையா. கடைசிக் கேள்விக்குப் பட்டியலில் சில இடங்களிலாவது 'தேவையில்லை' என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு விளையாடுபவர் அதிக நேரம் செலவழிக்கும் இடத்துக்கு முதலில் இசை எழுதுங்கள். தலைப்பு இசையைக் கடைசியில் எழுதினால், அதற்குள் கிடைத்துவிட்ட மெட்டுகளிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு லூப் எத்தனை நிமிஷம் இருக்கணும்?

லூப் என்பது முடிந்ததும் தொடக்கத்துக்கே திரும்பும் இசைத் துண்டு. அதன் நீளத்தை மேலே சொன்ன பட்டியலே தீர்மானிக்கும். ஒருவர் அரை நிமிடமே இருக்கும் கடைக்கு 30 அல்லது 40 விநாடி போதும். பல நிமிடங்கள் சுற்றித் திரியும் தேயிலை மலைக்கு இரண்டு நிமிடமாவது வேண்டும். இந்த அளவுகளைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் சரிவந்த அளவுகள் இவை.

நீளத்தை விநாடியில் யோசிக்காமல் தாளச் சுற்றில் யோசியுங்கள். நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில், சுற்றுக்கு நான்கு அடியாக 48 சுற்று எழுதினால் மொத்தம் 192 அடி, சரியாக இரண்டு நிமிடம். வேகம் 90 என்றால் 16 சுற்றுக்கு ஏறத்தாழ 43 விநாடி. சுற்று நடுவில் அறுபடாமல் லூப் முடிந்தால்தான் திரும்பும் இடம் காதுக்குத் தெரியாது.

லூப் திரும்புற எடத்துல 'டக்'னு ஒரு சத்தம் கேக்குது. சில நேரம் சின்ன இடைவெளி வருது. ஏன்?

பெரும்பாலும் காரணம் எம்பி3. அந்த வடிவத்துக்கு மாற்றும்போது கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றுப் பகுதி சேர்ந்துவிடும்; அதுதான் இடைவெளியாகக் கேட்கிறது. லூப்புகளுக்கு ஓக் வோர்பிஸ் அல்லது வேவ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சிடி தரத்திலான ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். நொடிக்கு 128 கிலோபிட் அளவிலான ஓக் கோப்பு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும்.

'டக்' என்ற ஒலிக்குக் காரணம் வேறு. ஒலியலை நடுக்கோட்டைத் தொடாத இடத்தில் வெட்டப்பட்டிருக்கும், அல்லது கடைசிச் சுரத்தின் எதிரொலி வால் பாதியில் அறுந்திருக்கும். வாலைக் காப்பாற்ற ஒரு பழைய வழி உண்டு: இசையை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் முடிவில் எழுந்த எதிரொலி அப்போது இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும், அதனால் லூப் தன்னோடு தானே இயல்பாகப் பொருந்திக்கொள்ளும்.

அஞ்சாவது தடவையே எனக்கே அலுத்துப் போகுது. விளையாடுறவங்க நூறு தடவை கேப்பாங்களே?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். அலுப்பை உண்டாக்குவது பெரும்பாலும் மிகவும் அழகான பகுதிதான். நினைவில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வரி ஒவ்வொரு 40 விநாடிக்கும் வந்தால், மூன்றாவது முறையே அது வரப்போவதைக் காது எதிர்பார்த்து, வந்ததும் சலித்துக்கொள்ளும். எனவே நீங்கள் மிகவும் நேசிக்கும் வரியை லூப்பில் ஒரே முறை மட்டும் வையுங்கள். மற்ற நேரங்களில் அதன் பாதியை, அல்லது அதற்குப் பதில் சொல்லும் வேறொரு வாத்தியத்தை விடுங்கள்.

இரண்டாவது வழி, வெவ்வேறு நீளமுள்ள துண்டுகளை ஒன்றாக ஓட விடுவது. வீணை நான்கு சுற்றுக்கு ஒருமுறையும், குழல் ஐந்து சுற்றுக்கு ஒருமுறையும், மணியொலி ஏழு சுற்றுக்கு ஒருமுறையும் திரும்பினால், மூன்றும் மறுபடி ஒரே புள்ளியில் சந்திக்க 140 சுற்றுகள் ஆகும். 90 வேகத்தில் அது ஆறு நிமிடத்துக்கும் மேல். எழுதியது என்னவோ 16 சுற்றுத்தான். இந்த முறை எல்லா வகை இசைக்கும் பொருந்தாது. நம்முடைய இசைக்கு அது ஏன் நன்றாகப் பொருந்துகிறது என்பதை ராகம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மூன்றாவதாக, ஒருவர் நீண்ட நேரம் எதுவும் செய்யாமல் நின்றால் இசையை மெல்லத் தணித்து நிறுத்திவிடுங்கள். அவர் மறுபடி அடியெடுத்து வைக்கும்போது அதே மெட்டு புதிதாகத் திரும்பி வரும்.

சிறுத்தை வந்ததும் மியூசிக் மாறணும். பழசை நிறுத்திப் புதுசைப் போட்டா வெட்டின மாதிரி இருக்கு. எப்படிச் செய்றது?

வழிகள் இரண்டு. முதல் வழி அடுக்குகள். ஒரே நீளத்தில், ஒரே வேகத்தில் நான்கு துண்டுகள் எழுதப்படுகின்றன; நான்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் தேவையானவை மட்டும் காதில் விழும். நமது விளையாட்டில் முதல் அடுக்கு தம்புரா, இரண்டாவது குழல், மூன்றாவது மெல்லிய தப்பு, நான்காவது தாழ்ந்த நரம்பிசையும் நெஞ்சுத் துடிப்பும். சிறுத்தையின் தூரம் குறையக் குறையக் குழல் தேய்ந்து நான்காவது அடுக்கு உயரும். வெட்டு என்பதே இதில் இல்லை. நான்கு அடுக்கும் இரண்டு நிமிட ஓக் கோப்புகளாக இருந்தால் மொத்தம் எட்டு மெகாபைட் அளவில் முடிந்துவிடும். சாதாரணக் கைபேசி அதைத் தாங்கும்.

இரண்டாவது வழி தாவல். இசை பல சிறு பகுதிகளாக எழுதப்படும். நிலைமை மாறியதும், ஓடிக்கொண்டிருக்கும் சுற்று முடியும் வரை காத்திருந்து கணினி அடுத்த பகுதிக்குத் தாவும். முதல் பதிலில் சொன்ன தப்புக்காரர் செய்வதும் இதைத்தான். லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் என்ற அமைப்பு இதை 1991இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் 2 விளையாட்டில் நடத்திக் காட்டியது. இடம் மாறும்போது இசை அறுபடாமல் பொருத்தமான இடத்தில் திரும்புவதை அதற்கு முன்பு யாரும் இவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தாவலில் ஒரு சிக்கல் உண்டு. 120 வேகத்தில் நான்கடிச் சுற்று ஒன்றுக்கு இரண்டு விநாடி. சிறுத்தை பாய்ந்து இரண்டு விநாடி கழித்து இசை பயந்தால் அது கேலியாகத் தோன்றும். ஆகவே பாய்ந்த கணத்திலேயே ஒலிக்கும் ஓர் ஒற்றை அதிர்வைத் தனியாக வைத்திருங்கள். தப்பில் ஓர் ஓங்கிய அடியே போதும். அதன் அதிர்வு அடங்குவதற்குள் சுற்று முடிந்து புதிய பகுதி தொடங்கிவிடும். காத்திருந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நம்ம ராகத்துல கேம் மியூசிக் செய்யலாமா, இல்ல வெஸ்டர்ன் கோர்ட் போட்டாத்தான் சரியா வருமா?

செய்யலாம். சில இடங்களில் அதுதான் எளிது என்றும் சொல்வேன். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் மேற்கத்தியக் கோர்ட் முறையில் அடித்தளம் ஒவ்வொரு சுற்றிலும் நகர்கிறது, அதனால் ஓர் அடுக்கு தவறான இடத்தில் நுழைந்தால் மற்றவற்றோடு மோதும். நம்முடைய இசையில் சுருதி அசையாது. மோகனத்தின் ஸ ரி க ப த என்ற ஐந்து சுரங்களுக்குள் எழுதப்பட்ட எந்தத் துண்டும் எந்த நேரத்தில் எந்தத் துண்டோடு சேர்ந்தாலும் அநேகமாக இனிமையாகவே ஒலிக்கும். நான்கு, ஐந்து, ஏழு சுற்றுத் துண்டுகளை ஒன்றாக ஓட விடலாம் என்று மேலே சொன்னது இந்தத் துணிவில்தான்.

இன்னொரு செல்வமும் நம்மிடம் இருக்கிறது. கிரகபேதம் என்று கர்நாடக இசையில் சொல்வது, சுரங்களை மாற்றாமல் ஆதார சுருதியை மட்டும் இடம் மாற்றுவது. மோகனத்தின் தைவதத்தை (த) ஸட்ஜமாக (ஸ) எடுத்துக்கொண்டால் அதே ஐந்து சுரங்கள் சுத்த தன்யாசியாகின்றன. காந்தாரத்தை (க) எடுத்துக்கொண்டால் ஹிந்தோளமாகின்றன. விளையாட்டில் இதன் பயன் மிகப் பெரியது. குழல் அதே மெட்டை வாசித்துக்கொண்டே இருக்க, கீழே தம்புரா அடுக்கை மட்டும் மாற்றினால், வெயில் அடித்த தேயிலை மலை ஒரு நொடியில் பனி இறங்கிய மலையாகிவிடும். நமது விளையாட்டில் பனிமூட்டம் சூழும் இடத்தில் இதைச் செய்தோம். முதல்முறை அது வேலை செய்தபோது வகுப்பு முழுவதும் அமைதியானது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: கணினிக் கீபோர்டின் தட்டையான சுரங்களில் ராகத்தின் உயிர் வராது. கமகம் (சுரத்தை அசைத்து வளைக்கும் நயம்) தேவைப்படும் வரியைச் சுரம் வளைக்கும் கருவியால் வரைவதைவிட, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பதிவு செய்வதே நல்லது. தோடி போன்ற கனமான ராகங்களை இதற்காகவே நான் தொடக்கக்காரர்களுக்குச் சொல்வதில்லை.

தப்பு சத்தத்தை எப்படி ரெக்கார்ட் பண்றது? இன்டர்நெட்ல எடுத்த சாம்பிள் நல்லாவே இல்ல.

நேரில் பதிவு செய்யுங்கள். மலைநாட்டின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் தப்பை நெருப்பில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். காய்ந்த தோல் ஆறும்போது சுருதி மெல்ல இறங்கும். எனவே நீளமாகப் பதிவு செய்யாமல், இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக எடுத்து இடையில் மறுபடி காய்ச்சச் சொல்லுங்கள். சிறிய அறை வேண்டாம். திறந்த வெளியும் காற்றடித்தால் வேண்டாம். தோட்டத்து மண்டபம் காலியாக இருக்கும் நேரம் நல்லது. ஒலிவாங்கியைத் தோலுக்கு நேரே நீட்டாமல், ஒரு மீற்றருக்கும் சற்றுக் கூடுதலான தூரத்தில் சாய்வாக வையுங்கள். தடித்த குச்சியின் அடியையும் மெல்லிய குச்சியின் அடியையும் தனித்தனியாகவும், மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று அளவிலும் பதியுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் நான்கைந்து முறை எடுத்தால், கணினி அவற்றை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து இயந்திரத் தன்மையைக் குறைக்கும்.

தொழில்நுட்பத்தை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. தப்பில் சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று உண்டு. எது எதற்கு என்று அடிப்பவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாவுக்கு அடிக்கும் அடியைத் துள்ளலான காட்சிக்குப் போட்டால், நம் தோட்டத்தில் விளையாடும் ஒவ்வொருவரும் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். இந்த வாத்தியத்தை அடித்ததற்காகவே தாழ்த்திப் பேசப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுங்கள், விளையாட்டின் இறுதிப் பட்டியலில் அவர்களுடைய பெயரை இசைக்கலைஞர் என்று போடுங்கள்.

மழை, ஸ்டோர் சத்தம், கோச்சி சத்தம் எல்லாம் போட்டா மியூசிக் கேக்கவே மாட்டேங்குது. எதைக் குறைக்கிறது?

முதலில் எது எங்கே ஒலிக்கிறது என்று பாருங்கள். தகரக் கூரையில் விழும் மழை தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எல்லா இடத்தையும் நிரப்பிவிடும். அதற்குள் மெல்லிய குழலை வைத்தால் அது மூழ்கும். மழைக் காட்சியில் மெட்டை விட்டுவிட்டு, தெளிவான தொடக்கமுள்ள வீணை, மணி, கஞ்சிரா போன்ற ஒலிகளை இடைவிட்டு வையுங்கள். அல்லது மழையையே தாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) இரைச்சலுக்கு ஒரு சுரம் இருக்கிறது. இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றிகளும் மோட்டார்களும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் முனகும். அது 98 ஹெர்ட்ஸான மேற்கத்திய ஜி சுரத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. ஸ்டோர் காட்சியின் சுருதியை அந்த முனகலோடு சேர்த்துவிட்டால் இரைச்சலே தம்புராவாகிவிடும். இரண்டும் சேராவிட்டால், என்ன என்று சொல்லத் தெரியாத ஓர் உறுத்தல் விளையாடுபவருக்கு இருந்துகொண்டே இருக்கும். அந்த உறுத்தல் தேவைப்படும் கதைக்கு அப்படியே விடலாம்.

கோச்சிக்கு, அதாவது ரயிலுக்கு, வேறு விதி. அதன் ஊதல் செய்தி சொல்லும் ஒலி. அது வரும்போது இசையை இரண்டு மூன்று டெசிபெல் தணித்து வழிவிட வேண்டும். பேச்சுக்கும் அப்படியே. பெரும்பாலான விளையாட்டு இயந்திரங்களில் இதைத் தானாகச் செய்யும் ஏற்பாடு உண்டு.

ஹெட்போன்ல அருமையா இருக்கு, போன்ல போட்டா பாதி மியூசிக்கைக் காணோம். எவ்வளவு சத்தமா வைக்கணும்?

கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிகக் குறைவாகவே ஒலிக்கும். சிறுத்தைக்காக எழுதிய தாழ்ந்த நரம்பிசை அங்கே காணாமற்போனதற்கு அதுதான் காரணம். அதே சுரத்தை ஓர் ஸ்தாயி மேலே மெல்லிதாக இரட்டித்து வையுங்கள். இல்லாத அடிச்சுரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கைபேசியில்தான் விளையாடுகிறார்கள், எனவே ஒவ்வொரு வாரமும் ஒரு முறையாவது விலை குறைந்த கைபேசியொன்றில் போட்டுக் கேளுங்கள்.

ஒலியளவுக்கு எல்யூஎஃப்எஸ் என்ற அளவீடு பயன்படுகிறது. வீட்டுக் கன்சோல் விளையாட்டுகளின் மொத்த ஒலிக்கு மைனஸ் 24 அளவையும், கையடக்கக் கருவிகளுக்கு மைனஸ் 18 அளவையும் சோனி பரிந்துரைத்திருக்கிறது. இது இசை, பேச்சு, சத்தம் எல்லாம் சேர்ந்த அளவு. இசையை மட்டும் அந்த அளவுக்கு ஏற்றிவிட்டால் மற்றவற்றுக்கு இடமிருக்காது.

பழைய சினிமாப் பாட்டு ஒன்ன கொஞ்சம் மாத்திப் போடலாமா? எட்டு செக்கண்டுக்குள்ள எடுத்தா பிரச்சினை இல்லன்னு சொல்றாங்களே?

அப்படியொரு எட்டு விநாடி விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் உரிமை அதை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டுகள். பாட்டின் மெட்டுக்கு ஓர் உரிமை, பதிவு செய்யப்பட்ட ஒலிக்கு வேறோர் உரிமை. நீங்களே மறுபடி வாசித்தாலும் மெட்டின் உரிமை அப்படியே இருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் இலவச ஒலிகளிலும் உரிமத்தை வாசியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) என்ற பொது உரிம வகையில், சிசி பூச்சியம் என்றால் எப்படியும் பயன்படுத்தலாம்; சிசி பிவை என்றால் ஆக்கியவரின் பெயரைச் சொல்ல வேண்டும்; அதோடு என்சி என்று இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொரு கோப்பையும் எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தீர்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அப்ப நம்ம தோட்டத்துப் பாட்டு யாருக்கும் சொந்தம் இல்லதானே? கொழுந்து எடுக்குற பாட்டு, தாலாட்டு எல்லாம் எடுக்கலாமே?

யாருக்கும் சொந்தமில்லை என்பதைவிட எல்லாருக்கும் சொந்தம் என்பதே சரி. மேலே சொன்ன அதே சட்டம் நாட்டார் வழக்குகளின் வெளிப்பாடுகளையும் தனியாகப் பாதுகாக்கிறது. மரபான சூழலுக்கு வெளியேயோ வணிக நோக்கிலோ எடுத்து மாற்றிப் பயன்படுத்துவதை அது கேள்விக்குட்படுத்துகிறது. இலவசமாக வெளியிடும் வகுப்புப் பயிற்சிக்கும் விற்பனைக்கு விடும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனதில் வையுங்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

இந்தப் பாடல்களை மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்திருக்காவிட்டால் பல வரிகள் நமக்குக் கிடைத்தே இருக்காது. அச்சில் இருப்பவை சொற்கள். மெட்டு பாட்டிமார்களின் தொண்டையில் இருக்கிறது. அவர்களிடம் சென்று பாடச் சொல்லுங்கள், எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று விளக்குங்கள், அனுமதியையும் பதிவிலேயே வாங்குங்கள். மெட்டை அப்படியே எடுக்காமல் அதன் நடையையும், வரி முடியும்போது இழுத்து இறங்கும் விதத்தையும் கற்றுக்கொண்டு சொந்தமாக எழுதுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஒருத்தர் கேம் செய்றார், மியூசிக் கேக்குறார். காசு எப்படிப் பேசுறது?

முடிந்த இசையின் நிமிடக் கணக்கில் பேசுவதுதான் இத்துறையில் வழக்கம். ஆனால் நான்கு அடுக்குள்ள இரண்டு நிமிட இசை என்பது இரண்டு நிமிட வேலை இல்லை என்பதை முதலிலேயே விளக்குங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், பாதிப் பணம் எப்போது, இசையின் உரிமை யாருக்கு, அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டுமா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். என் முதல் வேலையில் இதை வாய்ப்பேச்சாக விட்டேன். நான் எழுதிய லூப், எனக்குத் தெரியாமலேயே அதே குழுவின் இரண்டாவது விளையாட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாளும் இருக்கவில்லை.

சில எடத்துல மியூசிக்கே வேணாம்னு தோணுது. அப்படி விட்டா வேலை செய்யலன்னு நினைப்பாங்களோ?

எழுதி வைக்கப்பட்ட மௌனத்தையும் மறந்துபோன மௌனத்தையும் கேட்பவர்கள் பிரித்தறிவார்கள். வேறுபாடு அதற்கு முன்னால் வருவதில் இருக்கிறது. இசை ஒரே அடியாக நின்றால் ஏதோ பழுது என்று தோன்றும்; அடுக்கடுக்காக விலகினால் காது தானாகவே சுற்றியுள்ள ஒலியின் பக்கம் திரும்பும்.

நமது விளையாட்டின் உச்சிக் காட்சிக்கு, இசையமைத்த மாணவன் நரம்பிசையும் தப்பும் குழலுமாக மிகப் பெரிய இசையொன்றை எழுதியிருந்தான். நன்றாகவும் இருந்தது. ஆனால் விளையாடிப் பார்த்தவர்கள் அந்த இசையின் நடுவே ஆட்டுக்குட்டியின் கழுத்து மணியைத் தவறவிட்டு, பனிக்குள் மறுபடி கீழே இறங்கித் தேடத் தொடங்கினார்கள். இரண்டு வாரம் யோசித்து அவன் அந்த இசையை எடுத்துவிட்டான். இப்போது கடைசிப் படிகளில் சிறுமி ஏற ஏற முதலில் தப்பு விலகுகிறது, பிறகு குழல், பிறகு தம்புரா. காற்று மட்டும் இருக்கிறது. அதற்குள் மணி கேட்கிறது. அந்த மணி நமது சுருதிக்கு அரைச் சுரம் குறைவாக ஒலித்ததால், மணியை மாற்றாமல், முழு விளையாட்டின் இசையையும் அரைச் சுரம் கீழே இறக்கி மறுபடி பதிவு செய்துகொண்டிருக்கிறோம்.